பை யாருடையது என்று கேட்டார்கள், அக்கா

என் தேசம்மா அக்காவுக்கு,

நீ இப்போது இருக்கிற இடத்தில் ஈரம் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். பதினாலு வயதில் எறா பிடிக்க ஏரியில் இறங்கியவள் நீ. அதற்குப் பிறகு உன் புடவை ஓரம் முழுசாகக் காய்ந்து நான் பார்த்ததே இல்லை. இனியாவது கால் காய உட்கார்ந்திரு. யாரும் உன்னை எழுப்ப மாட்டார்கள்.

நாளைக்கு உனக்கு வருஷப் படையல். உன் வீட்டுக்காரர், மாமா, நேற்றே நல்ல நண்டாகப் பார்த்துச் சொல்லி வைத்துவிட்டார். உன் மகள் செல்வி வீட்டை மூலை முடுக்கு விடாமல் கழுவிவிட்டிருக்கிறாள். நான் பொன்னேரியில் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு வந்து, உன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். செல்வி என்னைத் தாண்டித் தாண்டிப் போகிறாள், ஒரு வார்த்தை பேசவில்லை. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

நம் குப்பத்தில் உன்னைப் பற்றி ஒரு கதை ஓடுகிறது. தேசம்மா ஏரோப்ளேன் ஏறப் போனாள், உள்ளே வரைக்கும் போய்விட்டு, பயந்துபோய் ஓடி வந்துவிட்டாள் என்று. கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. மீன் ஏலம் நடக்கிற இடத்தில், பஸ் ஸ்டாண்டில், கல்யாணப் பந்தியில் எங்கே பேச்சு அலுத்துப்போனாலும் யாராவது இதை எடுத்துவிடுவார்கள். "ஏரோப்ளேன் தேசம்மா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நீ போன அன்றைக்கு ஒப்பாரியில்கூட அது வந்தது அக்கா. "ஆகாசக் கப்பலுக்கு அஞ்சி ஓடியாந்த எங்கக்கா, இப்ப ஆகாசத்துக்கே போயிட்டியே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நான் உன் கால்மாட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கதை பொய். அதைக் கட்டியவள் நீ. யாருக்காகக் கட்டினாய் என்பது போன வாரம் வரைக்கும் நம் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அதைத்தான் நாலு பேர் அறிய இங்கே எழுதப் போகிறேன்.

எல்லாம் நான் உன்னை எடுத்த அந்தப் படத்தில் ஆரம்பித்தது. நீ இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாய். எறா போடுகிற பறியின் கயிறு உன் பல்லில் இருக்கிறது, இரண்டு கையும் தண்ணீருக்கு அடியில் சேற்றைத் தடவுகிறது. கண் மட்டும் நேராக என் கேமராவைப் பார்க்கிறது. அந்தக் கண்ணில் இருக்கிற கோபத்தைப் பற்றி டில்லிக்காரர்கள் ஒரு பக்கத்துக்கு எழுதினார்கள். உழைக்கும் பெண்ணின் போராட்டமாம். நடந்தது உனக்குத் தெரியும். நான் குறுக்கே வந்து தண்ணீரைக் கலக்கிவிட்டேன், எறா ஓடிவிட்டது. வாயில் பறிக்கயிறு இருந்ததால் உன்னால் திட்ட முடியவில்லை. கரைக்கு வந்த பிறகு கயிற்றைத் துப்பிவிட்டுத் திட்டினாயே, அப்பப்பா!

டில்லியில் ஒரு புகைப்படக் கண்காட்சிக்கு அந்தப் படத்தை அனுப்பும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. படத்தில் இருப்பவர் யார் என்று ஒரு கேள்வி. "பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பெண், ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்வார்" என்று எழுதினேன். படம் எடுத்தவரைப் பற்றி ஒரு கேள்வி. "பொன்னேரியில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்" என்று எழுதினேன். இரண்டும் உண்மைதான். அந்தப் பெண் என் அக்கா என்று மட்டும் எழுதவில்லை. உன் பெயரைக்கூட எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, ஏனென்றால் உனக்கு அது தெரியாது. நானே சொல்கிறேன். எறா தடவுகிற வீட்டுப் பையன் என்று தெரிந்தால் என் படத்தைப் பார்க்கிற கண் மாறிவிடும் என்று நினைத்தேன். வெளியிலிருந்து வந்து எடுத்தவன் என்றால்தான் கலைஞன், உள்ளேயே இருப்பவன் எடுத்தால் வீட்டு ஆல்பம். அப்படி ஒரு புத்தி. நான் படித்ததும் சாப்பிட்டதும் நீ பறியில் போட்ட எறாவில்தான் என்பது அந்தப் புத்தியில் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ.

படம் தேர்வானது. அந்தப் பெண்மணியையும் அழைத்து வாருங்கள், மேடையில் கௌரவிக்க வேண்டும் என்று சொல்லி இரண்டு டிக்கெட் அனுப்பினார்கள். உனக்குத் தலைகால் புரியவில்லை. ஆரம்பாக்கத்தில் இருக்கிற உன் நாத்தனாருக்கு வரைக்கும் போன் போட்டுச் சொன்னாய். "நான் ஏரோப்ளேன்ல டில்லிக்குப் போறேன்டி, தம்பி இட்டுனு போறான்." ஒரு வாரம் குப்பத்தில் வேறு பேச்சே இல்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் உன் வீட்டில் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நான் பாடம் நடத்தினேன். ஒருவர் கையில் ஏழு கிலோதான் விடுவார்கள். கேமராவை நிறுத்துகிற முக்காலி பெட்டியில் போய்விட வேண்டும். பேட்டரியைப் பெட்டியில் போடக் கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும், முனையில் டேப் ஒட்ட வேண்டும். கத்தி கூடாது, கத்தரிக்கோல் கூடாது, தீப்பெட்டி கூடாது. நீ எறா ஆய்ந்துகொண்டே எல்லாவற்றுக்கும் "சரிடா, சரிடா" என்றாய். கூடாதவற்றின் பட்டியலில் சுண்ணாம்பு என்று நான் சொல்லவில்லை. எனக்கே தோன்றவில்லை.

எடை தாங்கவில்லை என்று சின்ன லென்ஸ்களை என் ஜாக்கெட்டின் பைகளில் அடைத்துக்கொண்டு எழுந்து நின்று காட்டினேன். "இன்னாடா, மாசமா இருக்கியா? எத்தினி மாசம்?" என்று கேட்டுவிட்டு நீ சிரித்த சிரிப்பில் மாமா கொல்லையிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்படியும் ஒரு பை மிச்சமிருந்தது. உன் பேரில் ஏழு கிலோ சும்மாதானே இருக்கிறது என்று உன் துணிமணிகளை என் பெட்டிக்குள் போட்டுவிட்டு, அந்தக் கேமராப் பையை உன் தோளில் மாட்டினேன். "உஷாரா வச்சுக்கோ, உள்ள கண்ணாடி" என்றேன். நீ அதைக் கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டாய்.

சுண்ணாம்பு விஷயம் வெளியூர்க்காரர்கள் படித்தாலும் புரிய வேண்டும், அதனால் சொல்கிறேன். நம் ஊரில் உப்புக்காற்று எதையும் விடாது. சுட்ட கிளிஞ்சலைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போட்டு வைப்போம். பட்டா, ரேஷன் கார்டு, கல்யாணப் புடவை எதுவும் நமுத்துப்போகாது. சுற்றியிருக்கிற ஈரத்தை அது குடித்துக் குடித்துக் கடைசியில் வெள்ளை மாவாக உதிர்ந்துவிடும். நான் கேமரா வாங்கின நாளிலிருந்து நீ அதை என் பையிலும் போட ஆரம்பித்தாய். என் முதல் ஸ்டூடியோ முதலாளி தூக்கிப்போட்ட ஃபிலிம் டப்பாக்களைப் பொறுக்கி வைத்திருந்தாய். மூடியில் கோணி ஊசியால் ஓட்டை போட்டு, உள்ளே சுட்ட கிளிஞ்சல் முடிப்பை வைத்து, திறந்துகொள்ளாமல் இருக்க வலைநூலால் இறுக்கிக் கட்டிவிடுவாய். மற்ற படக்காரர்களின் லென்ஸில் எல்லாம் பூசணம் பூத்தது. என்னுடையதில் பத்து வருஷமாக ஒரு புள்ளி இல்லை.

அன்றைக்குக் காலையில் டில்லியில் மூடுபனி என்று டிவியில் சொன்னார்களாம். அவ்வளவு ஈரத்தில் தம்பியின் கண்ணாடி என்ன ஆவது என்று, நான் குளிக்கப் போன நேரத்தில், உன் தோளில் வரப்போகிற பையில் ஒன்றுக்கு மூன்று டப்பாவாக வைத்துவிட்டாய். பழசும் புதுசுமாக.

பொன்னேரியில் ரயில் ஏறி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர் எல்லாம் தாண்டி சென்ட்ரல் போய், அங்கிருந்து மெட்ரோ. வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய். விமான நிலையத்தில் பளபளவென்று இருந்த தரையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றப் போனாய். "அய்ய, போட்டுக்கோ" என்று பல்லைக் கடித்தேன். அங்கேயே ஆரம்பித்துவிட்டது என் வெட்கம். இப்போது யோசித்தால் தெரிகிறது.

உள்ளே ஆனந்த் நின்றிருந்தார். சென்னையில் பெரிய படக்காரர், அவர் படமும் அதே கண்காட்சிக்குத் தேர்வாகியிருந்தது. என் படத்தைப் புகழ்ந்து போனில் பேசியவர், என்னை மதித்த முதல் பெரிய மனிதர். எனக்குப் பக்கத்து வரிசையில் நின்று பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே, "ஓ, படத்துல இருக்கறது இவங்கதானா?" என்று உன்னைப் பார்த்துக் கும்பிட்டார். நீயும் கும்பிட்டாய். நீ வாயைத் திறப்பதற்குள் நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

கேமரா, லென்ஸ், பேட்டரி என்று என் பொருள்களைத் தட்டுகளில் பரப்பினேன். பெரிய லென்ஸின் மூடியைக் கழற்றச் சொல்லி ஒருவர் கண்ணை வைத்துப் பார்த்தார். ஒரு படம் எடுத்துக் காட்டச் சொன்னார். எல்லாம் சரி என்று விட்டுவிட்டார்கள். நீயும் பெண்களைச் சோதிக்கிற திரைக்குப் பின்னால் போய்விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டாய். உன் பை மட்டும் எந்திரத்துக்குள் போனது, வெளியே வரவில்லை.

பட்டை நின்றது. பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். பேட்டரிகள், சார்ஜர் ஒயர், அவற்றுக்கு நடுவே நூலால் கட்டிய மூன்று உருண்டை டப்பா. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பையைத் தனி மேஜைக்குக் கொண்டுபோய், கையுறை போட்டுக்கொண்டு டப்பாவை எடுத்தார்கள். ஓட்டை வழியாக வெள்ளைப் பொடி கொஞ்சம் மேஜையில் சிந்தியது. சுற்றி நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள். தமிழ் தெரிந்த ஒரு பெண் அதிகாரி வந்தார்.

"இந்தப் பை யாருடையது?"

நீ என்னைப் பார்த்தாய். நான் ஆனந்தைப் பார்த்தேன். அவர் பெல்ட்டைப் பாதி மாட்டியபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்களோடது" என்றேன்.

"இந்தப் பவுடர் என்ன சார்?"

"எனக்குத் தெரியாது மேடம்."

தெரியாதாம்! பத்து வருஷமாக என் பையில் கிடக்கிற பொருள். நீ முன்னால் வந்து, பதற்றமே இல்லாமல், "அது சுண்ணாம்பும்மா. சுட்ட கிளிஞ்சலு. கண்ணாடி பூசணம் புடிக்காம இருக்க நான்தான் வச்சேன்" என்றாய். அந்த அம்மாவுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. அதற்குள் ஆனந்த் பக்கத்தில் வந்து, "என்ன குமரேசன், ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். அதே நேரத்தில் அந்த அதிகாரியும் என் பக்கம் திரும்பினார்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும் சார்?"

எவ்வளவு சின்னக் கேள்வி அக்கா. மூன்று எழுத்தில் பதில் இருந்தது.

"கூட வந்தவங்க மேடம். வேலைக்கு... என்கிட்ட வேலை செய்யறவங்க."

அப்போது உன் முகம் எப்படி இருந்தது என்று எழுத முடிந்தால் எழுதியிருப்பேன். எத்தனையோ பேர் முகத்தைப் படம் பிடித்தவன், அந்த ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. மேஜையில் சிந்திய சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் குரல் மட்டும்தான் கேட்டது.

"ஆமாம்மா. சாருகிட்டதான் வேலை செய்யறேன். நானா வச்சது. சாருக்கு ஒண்ணும் தெரியாது, அவர வுட்டுடுங்க."

சுண்ணாம்பு விமானத்தில் ஏற்றக் கூடாத பொருள் என்றார்கள். பெரிய அதிகாரி வந்து பார்த்து, நீ எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக முடியும், கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு லென்ஸ்களில் ஒன்றும் இல்லை என்று ஒதுக்கி வைத்தார்கள். பை இவங்களோடது என்று சொன்ன அதே வாயால், "அந்த லென்ஸ் மட்டும் என்னுது" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் நிற்க முடியுமா?

விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்துவிட்டது. ஆனந்த் கையைக் காட்டிக் கூப்பிட்டார். நான் தயங்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தயங்கினேனா? நீதான் சொன்னாய்: "நீங்க ஜல்தி போங்க சார். நேரமாவுது. நான் பாத்துக்கறேன்." நீ என்னை 'நீங்க' என்றது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். நான் போனேன்.

அதற்குப் பிறகு உனக்கு என்ன நடந்தது? அந்த அம்மா உன்னை உட்கார வைத்தார்களா? தண்ணீர் கொடுத்தார்களா? எழுதிக் கொடுக்கச் சொன்னபோது உனக்குக் கையெழுத்துதானே போடத் தெரியும், யார் எழுதியது? வெளியே வர வழி யார் காட்டினார்கள்? மெட்ரோவில் தனியாக எப்படி ஏறினாய்? இதில் ஒன்றைக்கூட நான் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் மற்றதையும் பேச வேண்டிவரும் என்று கேட்கவில்லை.

டில்லியில் ஓட்டல் அறையில் பெட்டியைத் திறந்தேன். மேலேயே உன் துணி. மேடைக்கென்று எடுத்து வைத்திருந்த நீலப் புடவை, செல்வியின் ஸ்வெட்டர், உன் சீப்பு. அதற்கு அடியில் எனக்கென்று வறுத்து, கவரில் கட்டிய எறாக் கருவாடு. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு மாற்று உடுப்புகூட இல்லாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மேடையில் எனக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் ஒட்டிய தாளில் 'மீனவப் பெண்' என்று இருந்தது. பெயர் இல்லை, நான் கொடுத்தால்தானே இருக்கும். அவர் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். பாவம் என்றார்கள். கைதட்டினார்கள். நான் சால்வையை வாங்கிக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பி வந்தபோது எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமாதான் சொன்னார்: "உங்கக்காவப் பாத்தியா? தண்ணியில பாம்பு கால சுத்தனாகூட ஒதறிட்டு வேலையப் பாப்பா. ஏரோப்ளேனு சத்தம் கேட்டதும் ஒரே ஓட்டமா ஓடியாந்துட்டாளாமே!" நீ அடுப்படியிலிருந்து, "ஆமா, நீ போயி ஏறேன் பாப்போம்! தொட நடுங்கிடும்" என்று பதிலுக்குக் கத்தினாய். சிரித்தாய். நானும் சிரித்தேன் அக்கா. நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு தடவை பேச வந்தேன். நினைவிருக்கிறதா, கரையில் நீ எறாவைப் பெரிசு சின்னதாகப் பிரித்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் குந்தினேன். "அக்கா, அன்னிக்கு ஏர்போட்ல..." என்று ஆரம்பித்ததும் நீ நிமிராமலே சொன்னாய்.

"வுடு கொமரேசு. பெரிய மனுசங்க நடுவுல நீ இன்னா பண்ணுவ. அதெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்ல."

கொஞ்ச நேரம் கை வேலை செய்தது.

"ஆனா ஒண்ணுடா. அந்தக் கண்ணாடிக் கதவாண்ட போறப்ப ஒரு வாட்டி திரும்பிப் பாப்பேன்னு நெனச்சேன். அந்தம்மா உக்காரச் சொல்லிச்சு, நான் உக்காரவேயில்ல. நீ திரும்பனா தெரியணும்னு நின்னுனே இருந்தேன்."

மன்னித்துவிடு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீ என் பையைத் தொடவே இல்லை. நானும் கேட்கவில்லை, எந்த முகத்தோடு கேட்பது? அந்த மழைக்காலத்துக்குள் பெரிய லென்ஸில் பூசணம் வந்துவிட்டது. அதே ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாலாம் நாள் நீ இல்லை. இன்னொரு நாள் என்று நான் வைத்திருந்த நாள் வரவேயில்லை.

இப்போது செல்விக்கு வருகிறேன். உன் மகளுக்கு ஐதராபாத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது அக்கா. விமானத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். எப்படிப் போக வேண்டும், என்னவெல்லாம் கொண்டுபோகலாம் என்று கேட்க, போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவுக்கு வந்தாள். சந்தோஷத்தில் முகம் உன்னை மாதிரியே இருந்தது.

"மாமா, ஒண்ணும் கவலப்படாத. நான் எங்கம்மா மாதிரி பயந்து ஓடியாந்துட மாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

குப்பம் சொன்னபோதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒப்பாரியில் வந்தபோதும் பொறுத்துக்கொண்டேன். நீ பெற்ற பெண் உன்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் போவதை என்னால் தாங்க முடியவில்லை. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை.

அவள் அழவில்லை. "எங்கம்மா உன்ன சார்னா கூப்ட்டுச்சு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நீ அக்கான்னு சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும் மாமா?"

யோசித்தேன் அக்கா. நிஜமாகவே யோசித்தேன். டப்பாவைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அந்த விமானம் போனால் அடுத்த விமானம். ஆனந்த் சிரித்திருப்பார், இல்லை, உன் காலில்கூட விழுந்திருப்பார், அவர் அப்படிப்பட்ட மனிதர்தான்.

"ஒண்ணும் ஆயிருக்காது" என்றேன்.

செல்வி எழுந்து, குனிந்து, ஷட்டருக்கு அடியில் நுழைந்து போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. மாமாவிடம் சொல்லவில்லை போலிருக்கிறது, அவர் என்னிடம் எப்போதும்போல்தான் இருக்கிறார். நான் சொல்ல வேண்டியதை நானே சொல்லட்டும் என்று விட்டுவைத்திருக்கிறாள். உன் மகள்தானே.

டில்லிக்கும் ஒரு கடிதம் போட்டுவிட்டேன். அந்தப் படம் எங்கே மாட்டியிருந்தாலும் அடியில் எழுதியிருப்பதை அழித்துவிட்டு, "தேசம்மா, எறா பிடிப்பவர், படம் எடுத்தவரின் அக்கா" என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆனந்துக்கும் போன் செய்து சொன்னேன். "அன்னிக்கு நான் அவங்களுக்காக நின்னிருக்கணும்" என்றார். அவர் வெட்கப்பட என்ன இருக்கிறது.

இதெல்லாம் தூரத்தில் இருப்பவர்களிடம் சொன்னது, சுலபம். நாளைக்குத்தான் பெரிய வேலை. படையல் போட்டு, கற்பூரம் காட்டி முடிந்ததும் குப்பமே உன் வாசலில் சாப்பிட உட்காரும். மாமா இருப்பார், ஆரம்பாக்கத்து நாத்தனார் இருப்பாள், ஒப்பாரி வைத்தவர்கள் இருப்பார்கள். யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுப்பார்கள், எடுக்காமல் இருக்க மாட்டார்கள். அப்போது நான் எழுந்து நின்று இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து படிப்பேன். மாமா கை நீட்டி அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே என்று அவர் சொன்னால், அதுவும் நியாயம்தான்.

இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல் நம் ஊரில் ஒருத்தரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. நீ எதற்கும் பயந்தவள் இல்லை அக்கா. அன்றைக்கு அந்த இடத்தில் பயந்தது நான்.

உன் கூடப்பிறந்த தம்பி,
குமரேசன்